ரோசாலியாவின் மீசை

வாசகர் கேள்வி, ஜனவரி 9

‘இத்தாலிய முறை விவாகரத்து’ படத்தை நேற்றுதான் பார்த்தேன். மனைவியைக் கொல்லத் திட்டம் போடுகிறவனோடு நம்மையும் உட்கார வைத்துச் சிரிக்கச் செய்கிற ஒரு படத்தைப் பெண்களுக்காகப் பேசும் அங்கதம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? அந்த மனைவியின் மேலுதட்டில் மீசையை வரைந்து வைத்திருக்கிறார்களே, இயக்குநர் யார் பக்கம் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஜனவரி 9, இரவு

சாட்சியை ஏற்றுக்கொள்கிறேன்; தீர்ப்பை இப்போதைக்கு ஒத்திவைக்கிறேன். 1961இல் வெளிவந்த இந்தப் படத்தின் திரைக்கதையை இயக்குநர் பியெத்ரோ ஜெர்மியும் என்னியோ தெ கொன்சினியும் அல்ஃப்ரெதோ ஜான்னெத்தியும் எழுதினார்கள். அதற்காக அவர்களுக்கு ஆஸ்கர் விருதும் கிடைத்தது. ஆனால் கதையின் முடிச்சைப் போட்டுக் கொடுத்தது இத்தாலியக் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 587ஆம் பிரிவு. பாசிச ஆட்சிக் காலத்தில், 1930இல், உருவான அந்தத் தொகுப்பின்படி, மனைவியோ கணவனோ மகளோ சகோதரியோ முறையற்ற உறவில் இருப்பதைக் கண்டறிந்த அந்தக் கணத்தில், தன் மானத்துக்கோ குடும்ப மானத்துக்கோ நேர்ந்த இழுக்கினால் எழுந்த ஆத்திரத்தில் கொன்றவருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரைதான் சிறை. சாதாரணக் கொலைக்குக் குறைந்தபட்சமே இருபத்தொரு ஆண்டுகள். விவாகரத்து என்பதோ அந்நாட்டுச் சட்டத்தில் அப்போது இல்லவே இல்லை. மூன்றுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் கிடக்கும் அந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்குள்தான் மொத்தப் படமும் நடக்கிறது.

சிசிலியில் அக்ரமோந்தே என்னும் கற்பனை ஊரில் வாழும் நொடித்துப்போன பிரபு ஃபெர்தினாந்தோ செஃபலூ, வீட்டாருக்கு ஃபெஃபே, தன் உறவுக்காரப் பெண்ணான பதினாறு வயது ஆஞ்சலாவின்மேல் ஆசை கொள்கிறான். மனைவி ரோசாலியாவைச் சட்டப்படி விலக்க வழியில்லை. சட்டப்படி கொல்ல வழி இருக்கிறது. ஆனால் அதற்கு அவள் முதலில் தவறு செய்தாக வேண்டும். ஆகவே மனைவிக்கு ஒரு காதலனைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையில் இறங்குகிறான் கணவன். வரன் தேடும் தகப்பனின் கவலையோடும் கவனத்தோடும் அவன் அந்த வேலையைச் செய்கிறான் என்பதில்தான் எனக்கு முதல் சிரிப்பு வந்தது.

ஜனவரி 10

எனக்கு இந்தப் படத்தில் ஏன் இவ்வளவு ஈடுபாடு என்று கேட்டால், காரணம் சினிமா அன்று. மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சுருக்கெழுத்தராக இருந்தவன் நான். வழக்கறிஞர்கள் இறுதி வாதத்தில் குரலை உயர்த்துவதையும், தழுதழுப்பதையும், கைக்குட்டையை எடுப்பதையும் பார்த்துக்கொண்டே, அவர்கள் சொன்ன சொற்களை மட்டும் கோடுகளாகவும் வளைவுகளாகவும் குறித்துக்கொண்டிருந்தேன். தழுதழுப்புக்குச் சுருக்கெழுத்தில் குறியீடு கிடையாது. மாலையில் தட்டச்சு செய்யும்போது, காலையில் அவை முழுவதையும் உலுக்கிய வாதம் வெறும் தாளில் எவ்வளவு மெலிந்துபோய்க் கிடக்கிறது என்று பலமுறை வியந்திருக்கிறேன்.

படத்தில் தெ மார்ட்சி என்று ஒரு வழக்கறிஞர் வருகிறார். தன்னை ஏமாற்றியவனைச் சுட்டுக் கொன்ற மரியான்னினா என்ற பெண்ணுக்காக அவர் சிசிலியின் கத்தானியா நகர நீதிமன்றத்தில் வாதாடுவதை ஃபெஃபே பார்வையாளர் வரிசையில் அமர்ந்து கேட்கிறான். அன்று முதல் அந்தக் குரல் அவன் தலைக்குள் குடியேறிவிடுகிறது. அவன் ஒவ்வொரு காரியத்தைச் செய்யும்போதும், இன்னும் நடக்காத கொலைக்கான இறுதி வாதத்தைத் தெ மார்ட்சி அவனுக்குள் நிகழ்த்திக்கொண்டே இருக்கிறார். வழக்கு முதலில் தயாராகிறது. குற்றம் அதற்கேற்பப் பின்னால் வளைந்து கொடுக்கிறது. வாதத்துக்குத் தோதாக வாக்குமூலம் வளைந்ததை நான் பணியில் இருந்த காலத்தில் கண்டிருக்கிறேன். சம்பவமே வாதத்துக்காகக் காத்துக்கிடந்ததை இந்தப் படத்தில்தான் கண்டேன்.

ஜனவரி 10, பின்னிரவு

ஒரு திருத்தம். விவாகரத்துச் சட்டம் வந்ததும் 587ஆம் பிரிவு போய்விட்டது என்று ஒரு நண்பருக்கு இன்று தொலைபேசியில் உறுதியாகச் சொல்லிவிட்டேன். அது பிழை. விவாகரத்தை அனுமதித்த சட்டம் 1970 டிசம்பரில் வந்தது. அதை நீக்கக் கோரி 1974 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் சட்டம் நீடிக்கட்டும் என்று வாக்களித்தார்கள். 587ஆம் பிரிவு 1981 ஆகஸ்டில்தான் நீக்கப்பட்டது. அதாவது, மனைவியை விலக்கவும் முடியும், மானத்தின் பெயரால் மலிவான விலையில் கொல்லவும் முடியும் என்ற நிலை பத்தாண்டுக்கு மேல் இத்தாலியில் இருந்திருக்கிறது. ஃபெஃபே கொஞ்சம் பொறுத்திருந்தால் இரண்டில் எதைத் தேர்வது என்று குழம்பியிருப்பான்.

ஜனவரி 12

மீசை.

கேள்வி கேட்டவருக்கு நான் முதலில் எழுத நினைத்த பதில் இது: படம் முழுவதும் ஃபெஃபேயின் நினைவு. சிறையிலிருந்து விடுதலையாகி ஊருக்குத் திரும்பும் ரயிலில் அமர்ந்து அவன் நமக்குச் சொல்கிற கதை. ஆகவே ரோசாலியாவின் மேலுதட்டு மயிரும், ஒன்றோடொன்று கூடிய புருவங்களும், காதில் தேனாக ஊற்றிக் கொல்லும் அந்தக் குழைவும், ‘என்மேல் அன்பு இருக்கிறதா’ என்று ஓயாமல் கேட்கும் நச்சரிப்பும் அவன் கண்ணும் காதும் நமக்குத் தருபவை. அவளை அவன் கொதிக்கும் சோப்புக் கொப்பரையில் தள்ளுகிறான், புதைமணலில் அமிழ்த்துகிறான், ராக்கெட்டில் ஏற்றி விண்வெளிக்கு அனுப்புகிறான், எல்லாம் பகற்கனவில். இப்படிக் கனவு காண்பவனின் கண்ணுக்கு மனைவி எப்படித் தெரிவாளோ அப்படியே நமக்கும் தெரிகிறாள். அவனுக்கும் மீசை இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. படிய வாரிய எண்ணெய்த் தலை, சிகரெட் குழல், பாதி மூடிய இமைகள், வாயோரத்தில் அவ்வப்போது வெட்டி இழுக்கும் அந்தச் ‘ச்சு’, இவற்றோடு மெல்லிய மீசையும் சேர்ந்ததுதான் மார்ச்செல்லோ மாஸ்த்ரோயான்னி இந்தப் பாத்திரத்துக்கு அணிந்துகொண்ட முகம். அவனுடைய மீசையைப் பார்த்து நாம் ஆண்மையின் போலிப் பெருமிதத்தைச் சிரிக்கிறோம். அவளுடைய மீசையைப் பார்த்து வெறுமனே சிரிக்கிறோம்.

எழுதி முடித்த பிறகு கடைசி வாக்கியத்தை மறுபடி படித்தேன். என் வாதத்துக்கு எதிராக நானே சாட்சி சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 12, சற்றுப் பிறகு

நாங்கள் குடியிருந்த தெருவில் மேலுதட்டில் மயிர் வளர்ந்த ஒரு பெண்மணி இருந்தார். சிறுவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத மாட்டேன்; அதைக் கூவியவர்களில் நானும் ஒருவன். அவர் தண்ணீர்க் குடத்தோடு வரும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் வருவார். இந்தப் படத்தை முதன்முறை ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலில் பார்த்தபோது அரங்கமே சிரித்தது, நானும் சிரித்தேன், அவர் நினைவு வரவில்லை. இந்தக் கேள்வியைப் படித்த பிறகுதான் வந்தது.

ஜனவரி 15

என் மனைவியோடு சேர்ந்து மறுபடியும் பார்த்தேன். முதல் முக்கால் மணி நேரம் அவள் சிரிக்கவே இல்லை. நிர்வாணமும் பாவமும் நிறைந்த ஒரு படத்தைப் பார்க்கக் கூடாது என்று தேவாலயத்தில் பாதிரியார் முழங்கி எச்சரிக்க, அடுத்த காட்சியில் ஊரே திரையரங்கில் இருக்கைக்கு முண்டியடிக்கும் இடத்தில்தான் அவள் முதன்முறையாகச் சிரித்தாள். அந்தப் படம் இயக்குநர் ஃபெல்லினியின் ‘லா தோல்ச்சே வீத்தா’. முந்தைய ஆண்டு வெளிவந்து இத்தாலியைக் கலக்கிய அதன் கதாநாயகனும் இதே மாஸ்த்ரோயான்னிதான். ரோம் நகரத்துப் பெண்களின் மனங்கவர்ந்தவனாக அங்கே உலவியவர், எண்ணெய்த் தலையோடு சிசிலியின் மர நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் காட்சி நகைச்சுவைக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. ஊர் முழுவதும் பாவத்தைப் பார்க்கத் திரையரங்குக்குப் போயிருக்கும் அந்த மாலையில், தலைவலி என்று வீட்டில் தங்கிய ரோசாலியா, தன் பழைய காதலன் கார்மெலோவோடு ஓடிவிடுகிறாள். கார்மெலோ போரில் இறந்துபோனதாக அவள் நம்பியிருந்தவன். ஃபெஃபேதான் அவனைத் தேடிப்பிடித்து, மாளிகையின் பழைய சுவரோவியங்களைச் சீர்செய்வதற்கென்று வீட்டுக்குள் கொண்டுவந்தவன். ஒலிப்பதிவுக் கருவியை ஒளித்துவைத்து அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்டு, கையும் களவுமாகப் பிடிக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், அரங்கிலிருந்து நழுவி வீட்டுக்கு ஓடிவரும்போது பறவைகள் பறந்துவிட்டன. கண்ட கணத்தில் கொன்றால்தான் மூன்று ஆண்டு, கணம் தப்பிவிட்டது.

ஜனவரி 16

நேற்றைய குறிப்பில் ‘பறவைகள் பறந்துவிட்டன’ என்று எழுதியதை என் மனைவி படித்துவிட்டு, இருவரும் பறவைகள் அல்லர், படம் முழுவதிலும் ஒருவரையொருவர் மெய்யாகவே நேசித்தவர்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் என்றாள். மறுக்க முடியவில்லை. ஃபெஃபேக்கு ஆஞ்சலாமேல் இருப்பது வேட்கை; ஆஞ்சலாவுக்கு அவன்மேல் இருப்பது என்னவென்று படம் கடைசியில் காட்டுகிறது. ஊருக்கு இருப்பது வேடிக்கை பார்க்கும் ஆசை. ரோசாலியா ‘அன்பு இருக்கிறதா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது நச்சரிப்பு அன்று. அந்த வீட்டில் யாருமே விடை சொல்லாத ஒரே நேர்மையான கேள்வி அது.

ஆனால் கார்மெலோவுக்கும் மனைவி உண்டு, இம்மாகொலாத்தா. அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் காதல் எப்படித் தெரியும் என்ற கேள்வியை என் மனைவி ஒதுக்கிவிட்டாள். அவரவர் கட்சிக்காரருக்குத்தான் அவரவர் வாதாட முடியும்.

ஜனவரி 18

ஒருவர் இதைக் ‘கௌரவக் கொலை’ என்பதா, ‘ஆணவக் கொலை’ என்பதா என்று கேட்டிருக்கிறார். சாதி கடந்து மணந்தவர்களை வெட்டுவதில் கௌரவம் எங்கே இருக்கிறது என்ற நியாயமான சினத்திலிருந்து பிறந்த சொல் இரண்டாவது. பத்திரிகைகளில் அது நிலைபெற்றதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் 587ஆம் பிரிவைப் பேசும்போது ‘மானம்’ என்ற சொல்லை விட முடியாது, ஏனெனில் சட்டமே அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் தண்டனையைக் குறைக்கிறது. ஃபெஃபேயின் செயலுக்கோ இரண்டுமே பொருந்தவில்லை. அவனிடம் இழக்க மானமும் இல்லை, ஆணவம் கொள்ளும் அளவுக்கு உயிர்ப்பும் இல்லை. கணக்குதான் இருக்கிறது.

2024இல் புதிய சட்டம் வரும்வரை நடப்பில் இருந்த நம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவிலும் ‘கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டல்’ என்று ஒரு விதிவிலக்கு இருந்தது. அதன் கீழ் நடந்த வாதங்களை நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அந்த விதிவிலக்கு ஆத்திரத்தை அளந்தது. இத்தாலியப் பிரிவோ யார் யாரைப் பற்றி ஆத்திரப்படலாம் என்று பட்டியலே போடுகிறது: மணத்துணை, மகள், சகோதரி. மகன் இல்லை, சகோதரன் இல்லை. பட்டியலைப் படித்தாலே மானம் எங்கே சேமித்து வைக்கப்பட்டிருந்தது என்று தெரிந்துவிடுகிறது.

ஜனவரி 21

மூன்றாம் முறை பார்த்தேன், இந்த முறை தனியாக, நிறுத்தி நிறுத்தி.

மனைவி ஓடிய பிறகு வரும் பகுதிதான் படத்தின் உச்சம் என்று இப்போது நினைக்கிறேன். முன்பு அதைச் சற்றுத் தொய்வான பகுதி என்று கருதியிருந்தேன். கணம் தப்பியதால் ஃபெஃபே ஆத்திரத்தைச் சேமிப்புக் கணக்குப்போல் வளர்க்க வேண்டியிருக்கிறது. அவன் வீட்டைவிட்டு வெளியே வராமல் படுத்துக்கொள்கிறான். கொம்பு முளைத்தவன் என்று ஏசி மொட்டைக் கடிதங்கள் வருகின்றன; மனைவி வழிதவறிய கணவனுக்குக் கொம்பு முளைப்பதாகச் சொல்வது இத்தாலிய வழக்கு. ஒவ்வொரு கடிதமும் அவனுக்கு ஆதார ஆவணம். எல்லோர் முன்னிலையிலும் இம்மாகொலாத்தா வந்து அவன் முகத்தில் துப்பும்போது, அவமானப்பட்டவனின் முகத்துக்குள்ளே ஒரு நிம்மதி ஓடி மறைவதை மாஸ்த்ரோயான்னி காட்டுகிறார். அந்த ஒரு நொடிக்காகவே பொற்கோள (கோல்டன் குளோப்) விருதைக் கொடுத்திருக்கலாம், கொடுத்தார்கள்.

பொதுவுடைமைக் கட்சிக் காட்சியையும் குறிப்பிட வேண்டும். வடக்கிலிருந்து வந்த பேச்சாளர் பெண் விடுதலை பற்றி விளக்கிவிட்டு, செஃபலூ சீமாட்டியின் செயலைத் தோழர்கள் எப்படி மதிப்பிட வேண்டும் என்று பொறுமையாகக் கேட்கிறார். கூட்டம் ஒரே குரலில் ஒற்றை வசைச்சொல்லைக் கூவுகிறது. பாதிரியாருக்கும் பிரபுவுக்கும் தோழர்களுக்கும் ஒத்த கருத்துடைய ஒரே பொருள் அந்த ஊரில் அதுதான். தொடக்கத்தில் ஃபெஃபே ஊரை அறிமுகப்படுத்தும் கணக்கில், பதினெட்டாயிரம் மக்கள், எழுத்தறியாதவர்கள் 4,300, வேலையற்றவர்கள் 1,700, தேவாலயங்கள் இருபத்து நான்கு என்று வருவதை இந்தக் காட்சியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஜெனோவாவில் பிறந்த ஜெர்மி தெற்கைக் கேலி செய்கிறார் என்ற குறை உண்டு. அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 1949, 1950ஆம் ஆண்டுகளிலேயே சிசிலியை வைத்து மிகுந்த தீவிரத்தோடு இரண்டு படங்களை எடுத்தவர் அவர். இந்தக் கதையையும் ஜொவான்னி ஆர்ப்பினோவின் நாவலிலிருந்து தீவிரமான நாடகமாக எடுக்கத்தான் தொடங்கினார்; எழுத எழுத அது அவர் கையில் சிரிப்பாக மாறிவிட்டது. தவிர, அந்தச் சட்டத்தை இயற்றியது சிசிலி அன்று, ரோம். மனைவியின் திருமணத்துக்குப் புறம்பான உறவை மட்டும் குற்றமாக்கிய பிரிவு செல்லும் என்று இத்தாலிய அரசமைப்பு நீதிமன்றம் 1961 நவம்பரில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் இந்தப் படம் வெளியானது. 1968இல் அதே நீதிமன்றம் தன் முடிவை மாற்றிக்கொண்டது. பிற்பாடு இந்த வகைப் படங்களுக்கெல்லாம் ‘இத்தாலிய முறை நகைச்சுவை’ என்ற பெயர் நிலைத்ததும் இந்தத் தலைப்பிலிருந்துதான்.

ஜனவரி 22

ரோசாலியாவாக நடித்த தானியேலா ரோக்கா, கத்தானியாவுக்கு அருகிலுள்ள அச்சிரெயாலேயில் பிறந்த அழகி. மூன்று முதன்மை நடிகர்களில் அவர் ஒருவர்தான் சிசிலிக்காரர். மாஸ்த்ரோயான்னி லாட்சியோப் பகுதியைச் சேர்ந்தவர். ஆஞ்சலாவாக வந்த ஸ்தெஃபானியா சாந்த்ரெல்லி தஸ்கனியின் வியரெஜ்ஜோவில் பிறந்தவர், படம் வந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. உள்ளூர்ப் பெண்ணின் முகத்தில் மயிரை ஒட்டிவிட்டு, வெளியூர்ப் பெண்ணை உள்ளூர் அழகியாக்கியிருக்கிறார்கள். கேள்வி கேட்டவரின் சாட்சிப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 2

ஜனவரி 12இல் நான் சொன்ன வாதத்தில் ஓர் ஓட்டை இருந்தது. இவ்வளவு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. படம் முழுவதும் ஃபெஃபேயின் நினைவு என்று எழுதினேன். அது கடைசிக் காட்சிக்குப் பொருந்தாது.

கொலை முடிந்தது. ஃபெஃபே போய்ச் சேர்வதற்குள் இம்மாகொலாத்தா கார்மெலோவைச் சுட்டுவிட்டாள். அவன் தன் பங்கைச் செய்தான். மூன்று ஆண்டு கழித்து ஊருக்கு வந்தான், ஆஞ்சலாவை மணந்தான். இருவரும் படகில், வெயிலில், கடல்மேல். அவன் அவளை முத்தமிடுகிறான். ஒளிப்படக்கருவி மெல்லக் கீழே நகர்ந்து, அவளுடைய கால் படகோட்டும் இளைஞனின் காலைத் தடவிக்கொண்டிருப்பதைக் காட்டுகிறது. படம் முடிகிறது.

முதல் இரண்டு முறையும் இதை வினை விதைத்தவன் வினை அறுத்தான் என்ற வகையில்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது வேறொன்று தெரிகிறது. அந்தக் காலை ஃபெஃபே பார்க்கவில்லை, பார்க்க முடியாது. இதற்கு முன் தான் இல்லாத இடங்களில் நடந்தவற்றையும் அவன்தான் நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொல்லாமல், அவனுக்குத் தெரியாமல், நமக்கு மட்டும் காட்டப்படும் விவரம் இது. தெ மார்ட்சியின் குரலும் அங்கே இல்லை. அவனுடைய கண்ணை வாடகைக்கு எடுத்து அதுவரை பார்த்துக்கொண்டிருந்த நாம், கடைசி நொடியில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அப்படியானால் ரோசாலியாவின் மீசையையும் அந்தக் கண்ணோடு சேர்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஜெர்மி சொல்வதாக வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொள்ளலாம் என்றுதான் எழுதுகிறேன். நிரூபிக்கப்பட்டது என்று எழுதவில்லை.

பிப்ரவரி 3

நேற்றையதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். ‘திருப்பிக் கொடுக்க ரோசாலியா உயிரோடு இல்லையே’ என்றாள். பிறகு, அந்தப் படகோட்டிப் பையனை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்றாள். எனக்கு உடனே புரியவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அந்தப் படகு முதன்முதலில் திரையில் போனபோது 587ஆம் பிரிவுக்கு இன்னும் ஏறத்தாழ இருபது ஆண்டு ஆயுள் பாக்கி இருந்தது.